கூட்டி வாசித்த நிறை

என் நாத்தனாரை நான் நடுரோட்டில் போட்டு அடித்தது முட்டைக்காக. இதை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். பதுளைக்குப் போகும் பஸ்ஸில் ஒருத்தி, "முட்டைக்காகவா அக்கா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கட்டும். அவள் பிள்ளைக்கு வீட்டில் முட்டை இருக்கும்.

நான் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷன் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால், அவர்களுடைய கைக்குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் என் பொறுப்பு. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் நானும் கொழுந்தெடுத்தேன். எனக்கு வாய் முந்தும், அதற்கு முன்னால் கை முந்தும் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். பொய்யில்லை.

தராசைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கொழுந்தெடுக்கிறவளை ஒரு நாளைக்கு மூன்று முறை தராசு பார்க்கும். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு ஒரு கழிவு. கொக்கியில் தொங்கும் கொழுந்து ஒன்று, நிறுக்கிற ஐயா புத்தகத்தில் எழுதுவது வேறொன்று. ஏன் என்று கேட்டால் நாளைக்கு இன்னும் குறையும். அதனால் நாங்கள் சாக்கின் அடியில் நனைந்த கந்தலைத் திணிப்போம், தேயிலைக் குச்சியைப் போடுவோம், துணிந்தவள் ஒரு கல்லையே போடுவாள். அதைத் திருட்டு என்று எங்களில் ஒருத்தியும் நினைத்ததில்லை. தராசு எடுக்கும், நாங்கள் ஏற்றுவோம். எங்கள் அம்மாமாரும் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுடைய அம்மாமாரும் அப்படித்தான்.

மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கும் நிறை பார்ப்பார்கள். மருத்துவிச்சி மிஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, மீதியை நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு காம்பராவுக்கு வந்து உட்காருவார். உத்திரத்தில் தராசைத் தொங்கவிட்டு, கொக்கியில் துணிப்பையை மாட்டி, அதில் பிள்ளையை உட்கார்த்தி, முள்ளைப் பார்த்து நான் வாசிக்க வேண்டும். மிஸ் அதைப் பிள்ளையின் அட்டையிலும் காம்பராவின் நிறைப் புத்தகத்திலும் எழுதுவார். பிள்ளையின் அட்டையில் பச்சைக் கோட்டில் புள்ளி விழுந்தால் நல்லது. செம்மஞ்சளில் விழுந்தால் தாய்க்கு ஏச்சு. சிவப்பில் விழுந்தால் எல்லார் முன்னாலும் ஏச்சு. "பிள்ளைக்கு என்னதான் கொடுக்கிறாய்?" என்று கேட்கும்போது, காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், இரவில் ரொட்டியும் சம்பலும் என்று எந்தத் தாய் நிமிர்ந்து நின்று சொல்வாள்?

ஆகவே தாய்மார் தராசைக் கண்டதும் தெரிந்த வேலையைச் செய்தார்கள். நிறை பார்க்கிற நாளில் பிள்ளைகள் இரண்டு சுவெட்டர் போட்டுக் கம்பளித் தொப்பியோடு வருவார்கள். குளிர் என்று மிஸ்ஸும் கழற்றச் சொல்வதில்லை. வயிறு முட்டக் கஞ்சித் தண்ணீர் ஊற்றியிருக்கும். ஒருத்தி, கடையிலிருந்து படிக்கல்லைக் கேட்டு வாங்கி மகனின் சட்டைப் பைக்குள் போட்டு அனுப்பினாள். அதை மட்டும் நான் எடுத்துவிட்டேன். மற்றதை எல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பார்க்காத மாதிரி இருந்தது மட்டுமல்ல. முள் ஒன்பதரை கிலோவில் நின்றால் பத்து என்று வாசித்தேன். பத்தில் நின்றால் பத்தே முக்கால். தாய்மார் மீது இரக்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்க அது இல்லை. சிவப்புப் பிள்ளைகள் கூடினால் தோட்டத்து ஒபீசில் என்னைக் கூப்பிட்டு, காம்பராவை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லையா என்று கேட்பார்கள். மறுபடி மலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். மழையில் அட்டை கடிக்க மலையேறிய பன்னிரண்டு வருடம் எனக்குப் போதும்.

எல்லாரையும்விட அதிகமாக நான் கூட்டி வாசித்தது என் தங்கச்சி மகளுக்கு. மூன்று வயது. தங்கச்சி புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், தீபாவளிக்கு வருவான். தங்கச்சி என்னிடம் பிள்ளையைத் தந்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய வேலை இல்லை. நிறை பார்த்த நாளில் பின்னேரம் வந்து, "அக்கா, பச்சையா?" என்று கேட்பாள். பச்சை என்பேன். அவள் முகம் மலர்கிறதைப் பார்ப்பதற்காகவே சொல்வேன்.

பிறகு நாட்டில் சாமான் விலை தலைக்கு மேல் ஏறியது. கோதுமை மா விலை ஏற ஏற லயத்தில் ரொட்டி மெலிந்தது. பருப்பு போயிற்று, நெத்தலி போயிற்று, தேத்தண்ணியில் சீனி போயிற்று. என் காம்பராவில் பிள்ளைகள் சண்டை போடுவதை நிறுத்தினார்கள். மத்தியானம் படுத்தால் நான் எழுப்பும் வரை எழும்பவில்லை. சத்தமில்லாத காம்பரா நல்ல காம்பரா என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்த நேரத்தில்தான் பதுளையில் ஒரு மண்டபத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். தோட்டப் பிள்ளைகளின் போசாக்குக்குப் புதிய திட்டம் வரப்போகிறது, காம்பராக்காரிகளும் பேசலாம் என்றார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை, திறக்க இடமில்லை. கம்பெனி பக்கத்து ஆள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது அரசாங்கத்தின் வேலை என்றார். அரசாங்கத்து ஆள், தோட்டத்துக் காம்பரா கம்பெனியின் பொறுப்பு என்றார். எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எழும்பி, எது வந்தாலும் சங்கத்தின் கையால்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் லொறி தோட்டத்துக்குள் நுழையாது என்று மேசையில் குத்தினார். சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் படம். மீன், கீரை, பழம், பால். ஒரு டாக்டர் வந்து, தோட்டத்து மக்களின் உணவுப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். பழக்கமாம். யாராவது பழக்கத்துக்காக வெறும் ரொட்டி தின்பார்களா? எனக்கு அந்தப் படத்தைப் பிய்த்து அவர் வாயில் திணிக்க வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் எங்களுக்குச் சோற்றுப் பார்சல் தந்தார்கள். ஆளுக்கொரு அவித்த முட்டை இருந்தது. முட்டையைத் தங்கச்சி மகளுக்கு என்று கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டேன்.

பின்னேரம் முடிவு சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரேயடியாகக் கொடுக்க வழியில்லை. நிறைப் புத்தகத்தைப் பார்த்து, எந்தக் காம்பராவில் மெலிந்த பிள்ளைகள் அதிகமோ அங்கேதான் முதலில் முட்டையும் பாசிப்பயறும் பாலும் தினமும் போகும். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். திரும்பி வரும்போது பசறை வளைவுகளில் பஸ் திரும்பிய நேரம்தான் எனக்கு நான் கூட்டி வாசித்த எங்கள் புத்தகம் ஞாபகம் வந்தது.  

எங்கள் தோட்டத்தில் கீழ் டிவிஷன் காம்பராவுக்குக் கிடைத்தது. அங்கே என் நாத்தனார், என் புருஷனின் தங்கச்சி, வேலை செய்கிறாள். திட்டத்து உத்தியோகத்தர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், மரியாதையானவள். காம்பராவுக்கே வந்து சொன்னாள்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. உங்கட புத்தகத்தில பிள்ளையள் எல்லாரும் நல்ல நிறையோட இருக்கினம். நான் என்ன செய்யிறது?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் படுத்திருந்தார்கள், எலும்பு தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். நான், "ஆமாங்க" என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அத்தோடு விட்டேனா? பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் ஏன் எங்களுக்கு இல்லை என்று கேட்டபோது, "கீழ் டிவிஷன்காரிங்க ஆளப் புடிச்சு வாங்கிட்டாளுக" என்றேன். ஒரே ஒரு வாக்கியம். இரண்டு நாளில் அது எல்லா லயத்துக்கும் போய், மூன்று மடங்கு வீங்கித் திரும்பி வந்தது. என் நாத்தனார் உத்தியோகத்தருக்குக் கோழி கொடுத்தாள் என்றுகூட எனக்கே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

கீழ் டிவிஷனுக்குப் போகும் ரோடு எங்கள் காம்பரா வாசலால்தான் போகிறது. முட்டை ஏற்றிய சின்ன லொறி முதல்நாள் போனபோது பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாம் நாளும் பார்த்தோம். மூன்றாம் நாள் பெரட்டுக் கலைந்ததும் பெண்கள் மலைக்குப் போகாமல் ரோட்டில் இறங்கினார்கள். முதல் கல்லை எறிந்தது யார் என்று தெரியாது. கண்ணாடி உடைந்தது, டிரைவரின் நெற்றி பிளந்து, அந்த மனுஷன் இரத்தம் வழிய ஸ்டியரிங்கில் கவிழ்ந்தார். முட்டையைப் பொறுப்பெடுத்து முன் சீட்டில் வந்த என் நாத்தனார் கதவைத் திறந்து குதித்தாள். நான் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டேன்.

நன்றாக அடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது? முகத்தில் அடித்தேன், முதுகில் முழங்காலை ஊன்றினேன். அவள் என் கையைக் கடித்துச் சதையைப் பிடித்துக்கொண்டாள். அதை விடுவிக்க அவள் வாயில் குத்தினேன், முன்பல் ஒன்று வந்துவிட்டது. அதற்குள் கீழ் டிவிஷன் பெண்களும் ஓடி வந்துவிட்டார்கள். ஒரே குடும்பத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் ஒருத்தி தாலியை மற்றவள் பிடித்து இழுத்தார்கள். லொறியிலிருந்து தட்டுத் தட்டாக முட்டைகளைத் தூக்கி ரோட்டோரச் சாக்கடைக் கானில் அடித்தார்கள். மஞ்சள் கரு கான் வழியே ஓடியது, நாய்கள் கூடின. பாசிப்பயறு மூட்டையை யாரோ கிழித்துச் சேற்றில் மிதித்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் இல்லை, அவர்கள் பிள்ளைகளுக்கும் இல்லை என்று ஆனது.

நாத்தனார் எழும்பி உட்கார்ந்து இரத்தத்தைத் துப்பினாள்.

"நாங்க புள்ளைய அவுத்துப்போட்டு நிறை பாக்குறோம். நீங்க சுவெட்டரு மாட்டிப் பாக்குறீங்க. எங்க புள்ளைங்க எல்லாம் செவப்பு, உங்க புள்ளைங்க எல்லாம் பச்ச. இப்ப வந்து எங்களப் போட்டு அடிக்கிறீங்களே மதினி!"

கல்லோடு நின்ற பெண்களுக்கு அது கேட்டது. ஒருத்தி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். எல்லாருக்கும் தங்கள் தங்கள் சுவெட்டர் ஞாபகம் வந்தது. என் தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சுவெட்டருக்கு மேல் நான் கூட்டியது அவர்கள் யாருக்கும் தெரியாது. நானும் அவர்களோடு சேர்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பொலிஸ் வந்து, பேசி, டிரைவருக்கு மருந்துச் செலவு கொடுத்து, அது ஒருவாறு அடங்கியது. தாய்மார் உத்தியோகத்தரிடம் போய் அழுது, உடுப்பில்லாமல் மறுபடி நிறை பார்க்கச் சொன்னார்கள். பாவம், அவள் ஒத்துக்கொண்டாள். நாளும் குறித்தாள்.

அதற்கு முதல்நாள் தொழிற்சங்கத் தலைவர் காம்பராவுக்கு வந்தார். பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பொஸ்தகத்தக் கொடும்மா."

"எதுக்குங்க?"

"நாளைக்கு எல்லாம் செவப்பா விழுந்தா தோட்டத்துப் பேரு என்னாகும்? வெளிநாட்டுல நம்ம தேயில வாங்குறவன் கேட்டா தொர என்ன சொல்லுவாரு? ஓம் வேலையும் போகும். பொஸ்தகம் மழையில நனைஞ்சு போச்சுன்னு சொல்லு. நாளைக்கும் புள்ளைகளுக்கு உடுப்போட பாரு. முட்டையக் கொஞ்ச நாள் கழிச்சு நான் வாங்கித் தாரேன், எலக்சன் முடியட்டும்."

நான் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். நான் உதைத்தேன். அவர் என்னைத் தள்ளிய தள்ளில் நான் பிள்ளைகள் மேல் போய் விழுந்தேன். கஞ்சிக் கோப்பைகள் சிதறின. தங்கச்சி மகளின் தலை கட்டில் காலில் இடித்து, புருவத்துக்கு மேல் வெடித்து, கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. அவள் அழவில்லை. அழத் தெம்பில்லை. சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தராசு மேசையில் இருந்தது. கொக்கியோடு தூக்கி அவர் முகத்தில் வீசினேன். கன்னம் கிழிந்தது. இரண்டாவது வீச்சுக்கு அவர் கையைக் குறுக்கே வைத்தார், அதில் ஒரு விரல் முறிந்ததாகப் பிறகு சொன்னார்கள். வெள்ளைச் சட்டையெல்லாம் இரத்தமாக அவர் படியிறங்கி ஓடினார், என்னை மறியல் கம்பிக்குள் தள்ளாமல் விடமாட்டேன் என்று கத்திக்கொண்டே. அந்த அடியில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பிள்ளையின் காயத்தைக் கழுவும்போதுதான் அது அடங்கியது. அந்த ஆள் சொன்னதில் ஒன்று உண்மை. அந்தப் புத்தகம் என்னைக் காட்டிக்கொடுக்கும். அதைக் காப்பாற்றத்தான் நான் அவர் முகத்தைக் கிழித்திருந்தேன்.

மறுநாள் மிஸ்ஸும் உத்தியோகத்தரும் வந்தார்கள். தாய்மார் அரைநாள் பெயரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டுக் காம்பராவை நிறைத்து நின்றார்கள். வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. பிள்ளைகளைப் பிறந்த மேனியாக வரிசையில் நிறுத்தினோம், பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார்கள். இத்தனை எலும்பை ஒரே இடத்தில் அந்தத் தாய்மாரும் பார்த்ததில்லை. நான் முள்ளை உள்ளபடி வாசித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் போன மாதத்தைவிடக் குறைந்தது. தாய்மார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். சுவெட்டர்தான், சுவெட்டர்தான் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள்.

தங்கச்சி மகளைப் பையில் உட்கார்த்தினேன். நெற்றியில் கட்டுப் போட்டிருந்தது. முள் ஆடி நின்றது.

"ஒன்பதேகால்."

உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டுப் பழைய பக்கத்தைப் பார்த்தாள். போன மாதம் பன்னிரண்டு என்று இருந்தது.

"உடுப்புக்கு இவ்வளவு குறையாதே அக்கா. தராசில ஏதும் பிழையோ?"

ஆமாங்க, நேற்று நடந்த அடிபிடியில் தராசு கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். எல்லாரும் நம்புவார்கள். அப்படியென்றால் வேறு தராசு வரும் வரைக்கும் ஒன்றும் எழுதமாட்டாள். பிள்ளை தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"தராசு சரியாத்தாங்க இருக்கு. நான்தான் கூட்டி வாசிச்சேன். எல்லாப் புள்ளைக்கும். இவளுக்கு ரொம்ப."

 என் தங்கச்சி தாய்மாரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எத்தன மாசமா அக்கா?"

"ஒரு வருசமா."

"பச்ச பச்சன்னு சொன்னியே. நான் நிம்மதியா மலைக்குப் போனேனே. பச்சைன்னு நம்பி எம் பங்கு ரொட்டிய நானே தின்னேனே, பாவி!"

அவள் என்னைவிடச் சிறியவள், என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். கன்னத்தில் அறைந்தாள். பிறகு இரண்டு கையாலும் குத்தினாள். உதடு கிழிந்தது, வாயில் உப்புக் கரித்தது. ஒருத்தியும் அவளைப் பிடிக்கவில்லை, பிடித்திருக்கவும் கூடாது. வாழ்நாள் முழுக்கக் கை முந்திய நான் அன்றைக்கு ஒரு கையால் பிள்ளை விழாமல் பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்காமல் நின்றேன். அவள் களைத்து நின்றதும் உத்தியோகத்தரைப் பார்த்து, "ஒன்பதேகால். எழுதுங்க" என்றேன். அவள் எழுதினாள்.

தங்கச்சி தன் மகளைப் பையிலிருந்து தூக்கி, உடுப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மூன்று மாதம் கழித்து எங்கள் காம்பராவுக்கும் முட்டை வந்தது. என் வேலை போகவில்லை. இந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வர ஒத்துக்கொள்ளவில்லை. தலைவர் என் மேல் போட்ட வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது, நானும் தவணைக்குத் தவணை போய் நின்றுவிட்டு வருகிறேன்.

தங்கச்சி இப்போது தன் மகளை என்னிடம் விடுவதில்லை. விடிந்ததும் தூக்கிக்கொண்டு கீழ் டிவிஷனுக்கு இறங்கி, என் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, மூச்சு முட்ட மேலேறிப் பெரட்டுக்கு ஓடுகிறாள். சில நாள் பிந்திவிடும், பெயர் போய்விடும், அன்றைய சம்பளமும் போய்விடும். ஒருநாள் நான் தாங்க முடியாமல் ரோட்டில் குறுக்கே நின்று, "எங்கிட்ட தரவேணாம். கீழ வரைக்கும் நான் தூக்கிட்டுப் போய் அவகிட்டயே விடுறேன், நீ பெரட்டுக்குப் போ" என்றேன்.

"ஓங் கையில குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அவள் தோளில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "பெரியம்மா, எனக்கு அங்க முட்ட தாராங்க" என்றாள்.

"தின்னு சாமி" என்றேன். வளைவில் அவர்கள் மறையும் வரை நின்றுவிட்டு உள்ளே வந்தேன். என் சட்டியிலும் முட்டைதான் கொதித்துக்கொண்டிருந்தது.